அம்மாவைத் தேடும் கண்

மார்கழியில் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்று திருவெம்பாவை பாடும்போது கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பிள்ளைக்கு அடி மறந்துவிடும். கூட்டத்தில் நிற்கும் அம்மாவின் உதடு உடனே அசையும். பிள்ளை அந்த உதட்டைப் பார்த்துப் பிடிப்பதற்குள் குழு அடுத்த அடிக்குப் போயிருக்கும். இங்கே அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சாமிக்குப் பாடுகிறார்கள், போதும். ஆனால் இதே பிள்ளைகளைச் சேர்ந்திசைக் குழுவாக்கி வெளிநாட்டுப் போட்டி மேடையில் ஏற்றினால், மதிப்பெண் கரைவது அந்த அரை நொடியில்தான்.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது “நாங்களும் கூட வரலாமா?” என்றுதான். நம் ஊர் விளையாட்டு வரலாறு “தாராளமாக” என்கிறது. பிரக்ஞானந்தா 2023 பாகு சதுரங்க உலகக் கோப்பையில் இறுதிப்போட்டி வரை போய் கார்ல்சனிடம் தோற்றபோது, அம்மா நாகலட்சுமி கூடவே இருந்தார். குக்கரும் மசாலாப் பொடியுமாக நாடு நாடாகப் போய் மகனுக்குச் சாதமும் ரசமும் வைத்துத் தந்தவர் அவர். குகேஷின் அப்பா ரஜினிகாந்த், காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனுக்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் மகன் 18 வயதில் உலக சாம்பியனானபோது, அவர் அரங்குக்கு வெளியே பதற்றத்தோடு நடந்துகொண்டிருந்தார். வெளியே என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

சதுரங்கத்தில் பிள்ளையின் கண் பலகையை விட்டு நகராது. அப்பா உள்ளே நின்றாலும் ஆட்டம் அவ்வளவாகக் கெடாது; அப்படியும் குகேஷின் அப்பா வெளியேதான் நின்றார். சேர்ந்திசையில் கண் நடத்துநரின் கையில் இருக்க வேண்டும், காது பக்கத்துக் குரலில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் சுருதிப்பெட்டியை வைத்து எல்லோரும் ஒரே மெட்டில் பாடிப் பழகியவர்கள். பக்கத்தில் நிற்பவன் வேறு மெட்டில் பாட, தன் வரியை விடாமல் பாடுவது தனிப் பயிற்சி. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி பாரதியைப் பல குரலில் பாடவைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. மாவட்டப் பள்ளிகளுக்கு அந்தப் பயிற்சி இன்னும் வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

இப்படிப் பாடும் குழுக்கள் மோதும் உலக சேர்ந்திசைப் போட்டி 2000-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கியது. நடுவர்கள் பார்ப்பது சுருதி, குரலின் தரம், இசைக்குறிப்பு பிசகாமை, மொத்தத்தில் கிடைக்கும் கலை அனுபவம். 2010-ல் சீனாவின் ஷாவோசிங்கில் நடந்த அதே போட்டியில் ஷில்லாங் சேம்பர் கொயர் மூன்று பிரிவுகளில் தங்கம் வாங்கியது. அதை உருவாக்கிய நீல் நாங்கின்ரி, பாடகர்கள் பலரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து வளர்த்தவர். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக எழுந்து, ஒன்றாக மூச்சிழுத்த குழு அது. வியன்னா சிறுவர் பாடகர் குழு இன்னும் கறார். அதன் நான்கு குழுக்களில் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் 9 முதல் 11 வாரம் சுற்றுப்பயணத்தில் இருக்கும். அப்பா அம்மா வீட்டில்.

நமக்கு வியன்னா வழி ஒத்துவராது. பத்து வயதுப் பெண்ணைத் தனியாக விமானம் ஏற்ற திருவண்ணாமலைக் குடும்பம் எதுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் வேண்டியதில்லை. பெற்றோர் வரட்டும். ஆனால் ஆளுக்கொரு பிள்ளையின் அம்மாவாக வராமல், குழுவுக்கே அம்மாவாக வரட்டும். ஒருவர் வெந்நீர் பிளாஸ்க்கைப் பார்த்துக்கொள்ளட்டும்; விமானத்தின் வறண்ட குளிர்காற்று தொண்டையைத்தான் முதலில் பிடிக்கும். இன்னொருவர் எல்லோருக்கும் சேர்த்துச் சோறு பொங்கட்டும். தங்கும் அறையைக் குடும்பவாரியாகப் பிரிக்கவே கூடாது. மேல்குரல் பாடுகிறவர்கள் ஓர் அறை, கீழ்க்குரல் பாடுகிறவர்கள் ஓர் அறை, பெரியவர்கள் அதே மாடியில் வேறு அறை. ஒத்திகைக் கூடத்துக்குள் பெற்றோருக்கு வேலையில்லை. “என் பிள்ளையை ஏன் பின்வரிசையில் நிறுத்தினீர்கள்?” என்ற கேள்வி போட்டிக்கு முந்தின நாள் ஒன்று வந்தாலே குழு உடைந்துவிடும்.

பாட்டுக்கு நாம் அலைய வேண்டாம். மாணிக்கவாசகர் இந்த ஊரில் பாடியதாகச் சொல்லப்படும் திருவெம்பாவை எப்போதோ கடல் தாண்டியது. பாங்காக் அரசவையின் திரியம்பாவாய் விழாவுக்கு அதன் பெயரே வந்திருக்கிறது. போட்டியில் நாட்டார் இசைக்கென்று தனிப் பிரிவும் உண்டு.

போக நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாகத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். கையெழுத்தைக் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். நிகழ்ச்சியன்று மேடையிலிருந்து முகம் தெரியாத கடைசி வரிசையில் உட்காருங்கள். கையசைக்க வேண்டாம். பாட்டு முடிந்து நடுவர்கள் பேனாவை வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள்.