தன் பொருளும் பிறன் பொருளும்

‘குமரன் சேகரிடம் அவனுடைய புத்தகத்தைக் கொடுத்தான்’ என்று ஒரு மாணவன் எழுதினால், அப்புத்தகம் யாருக்கு உரியது? குமரனுக்கா, சேகருக்கா, மூன்றாம் ஒருவனுக்கா? இவ்வினாவிற்கு அத்தொடரில் விடை இல்லை. ‘தன் புத்தகத்தைக் கொடுத்தான்’ என்று எழுதியிருப்பின் ஐயத்திற்கு இடமில்லை, புத்தகம் குமரனுடையதே. ஆயினும் இன்று செய்திகளிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் மாணவர் கட்டுரைகளிலும் ‘தன்’, ‘தம்’ என்பன வரவேண்டிய இடங்களை ‘அவனது’, ‘அவரது’ என்பன கவர்ந்து வருகின்றன. ‘அமைச்சர் அவரது உரையில் கூறினார்’ என்று படிப்போர், பேசியவர் ஒருவர், உரை வேறொருவருடையது போலும் என்று மயங்குவதில்லை. தமிழ் அவ்வாறு மயங்குவதற்கு உரிய பொருளையே அத்தொடருக்குத் தருகின்றது என்பதைப் படிப்போர் மறந்துவிட்டனர் என்பதே அதன் காரணம்.

இவ்வேறுபாடு எத்துணை அரியது என்பதை இலத்தீன் மொழியோடு ஒப்பிட்டால் உணரலாம். இலத்தீனில் எழுவாய்க்கு உரிய பொருளைச் ‘சூவுஸ்’ என்னும் சொல்லாலும், பிறர்க்கு உரிய பொருளை ‘ஏயுஸ்’ என்னும் சொல்லாலும் குறிப்பர். மார்க்குஸ் என்பான் தன் நூலைப் படித்தான் எனின் முன்னது வரும். வேறொருவன் நூலைப் படித்தான் எனின் பின்னது வரும். தமிழின் ‘தன்’, ‘அவன்’ என்னும் பாகுபாடு இதனோடு பெரிதும் ஒத்தது. இனவுறவு இல்லாத இருமொழிகள் ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டன.

இலத்தீனின் வழிவந்த மொழிகள் இச்செல்வத்தைக் காக்கவில்லை. ‘ஏயுஸ்’ பேச்சு வழக்கில் மறைந்தது. ‘சூவுஸ்’ என்பதன் வழிவந்த சொற்கள் தன் பொருளுக்கும் பிறன் பொருளுக்கும் பொதுவாயின. பிரெஞ்சில் ‘சா மேர்’ என்றால் அவன் தாய், அவள் தாய், தன் தாய் ஆகிய மூன்றுமாம். உடைமைப் பொருளின் பாலைக் காட்டும் அச்சொல், உடையவரின் பாலைக் காட்டுவதில்லை. பன்மைக்குப் பிரெஞ்சும் இத்தாலியமும் ‘அவர்களுடைய’ என்னும் பொருள்தந்த ‘இல்லோரும்’ என்ற இலத்தீன் சொல்லினின்று ‘லெர்’, ‘லோரோ’ என்பனவற்றை ஆக்கிக்கொண்டன. ஸ்பானிய மொழியோ அதுவும் செய்யவில்லை. அதன் ‘சு’ என்னும் ஒரு சொல் அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, தங்களுடைய என்னும் பொருள்கள் அனைத்தையும் சுமக்கின்றது. எனவே, ஐயம் நேருமிடத்து ‘அவனைச் சேர்ந்த’, ‘அவளைச் சேர்ந்த’ என்று மற்றொரு தொடரைக் கூட்டிப் பேசுகின்றனர். ஒரு சொல்லை இழந்த மொழி பல சொற்களால் அவ்விழப்பை ஈடுசெய்கின்றது.

தமிழிலும் கிழமைப்பொருள் மாறாது நின்றதன்று. உடைமைப் பொருள் ஒன்றாயின் ‘தனது கை’ என்றும், பலவாயின் ‘தன கைகள்’ என்றும் வழங்க வேண்டும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலின் நெறி. இலத்தீனில் ‘என்’ என்னும் பொருளுடைய ‘மெயுஸ்’ உடைமைப் பொருளின் எண்ணுக்கேற்பத் திரிவதை இது நினைவூட்டுகின்றது. உயர்திணைப் பெயர் பின்வரின் ‘அது’ உருபு பொருந்தாது என்பதும் இலக்கண மரபு. ‘நம்பி மகன்’ என்னும் தொகையைத் தொல்காப்பிய நெறிப்படி ‘நம்பிக்கு மகன்’ என்றே விரிப்பர். இன்று ‘எனது கைகள்’, ‘எனது மகன்’ என்பன யாண்டும் வழங்குகின்றன. இம்மாற்றத்தால் பொருள் கெடவில்லை. ஆகவே அதனை வழக்கு ஏற்றுக்கொண்டது. ‘தன்’ மறைவது அத்தகையதன்று. அது மறைந்தால் பொருளே மறைகின்றது. பழைய வழக்கு எதனையும் விடலாகாது என்பாரும், எதனை விட்டாலும் தீங்கில்லை என்பாரும் இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காணத் தவறுகின்றனர்.

‘தன்’ மட்டும் ஐயம் தீர்த்துவிடுமோ என்று வினவலாம். ‘சேகர் தன் வீட்டிற்கு வந்தான் என்று குமரன் கூறினான்’ என்னும் தொடரில் வீடு இருவருள் எவனுக்கும் உரியதாகலாம். இலத்தீனின் ‘சூவுஸ்’ என்பதும் இத்தகைய பிறர்கூற்றுத் தொடரில் இவ்வாறே மயங்கும். ஆனால், ஒரு கருவி சில இடங்களில் உதவாமை அதனை எறிந்துவிடுவதற்குக் காரணமாகாது. அவ்விடங்களில் பெயரையே மீண்டும் கூறலாம். பிற இடங்களில் ‘தன்’ போதும்.

இம்மறதி எங்கிருந்து வருகின்றது? மலேசிய மாணவர் நாளும் பழகும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இப்பாகுபாடு ஒரு சொல்லளவில் அமையவில்லை. மலாயின் ‘புக்குன்யா’ என்பது தன் புத்தகமும் ஆகும், பிறன் புத்தகமும் ஆகும். இம்மொழிகளில் நினைந்து தமிழில் எழுதுவோர்க்கு ‘அவரது’ ஒன்றே போதுமெனத் தோன்றுகின்றது.

அயன்மொழிச் சட்டம் உள்ளே புகுவது எவ்வாறு என்பதற்குப் போர்த்துக்கீசியமே சான்று. போர்த்துக்கீசியர் 1505ஆம் ஆண்டில் இலங்கையில் கால்வைத்தனர்; 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்கள் மொழியில் உடைமைப் பெயர் முன்னும் உடையவன் பெயர் பின்னுமாக வரும். மட்டக்களப்பில் பறங்கியரிடையே வழங்கிவந்த போர்த்துக்கீசியக் கலப்புமொழியிலோ உடையவன் பெயர் முன்னே வந்து ‘சு’ என்னும் ஒட்டைப் பெறும். பின்னரே உடைமைப் பெயர் வரும். இந்தச் ‘சு’ போர்த்துக்கீசியச் ‘சூவா’ என்பதன் சிதைவு என்பர். இலத்தீனின் ‘சூவுஸ்’ மட்டக்களப்பை அடைந்து, தமிழின் ஆறாம் வேற்றுமை உருபுபோல் பெயருக்குப் பின்னே நிற்கக் கற்றுக்கொண்டது. மலாக்காவின் கிறிஸ்தாங் மொழியிலும் ‘மரியா சா காசா’ என்றால் மரியாவின் வீடு. கிள்ளான், பந்திங் கடைத்தெருக்களில் பலரும் கேட்டிருக்கும் ‘சாயா புன்யா ரூமா’ என்னும் சந்தை மலாயும் இதே முறையினது. செம்மையான மலாயில் அது ‘ரூமா சாயா’ என வீட்டை முன்வைத்தே அமையும்.

மட்டக்களப்பு மொழியின் சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசியச் சொற்களே; தொடர்ச் சட்டமோ தமிழைத் தழுவியது. இதன் மறுதலையும் நிகழக்கூடும் என்பதே தமிழாசிரியர் கருதத்தக்கது. ‘அவர் அவரது நண்பருடன் அவரது ஊருக்குச் சென்றார்’ என்னும் தொடரில் பிறமொழிச் சொல் ஒன்றுமில்லை. தனித்தமிழ் அன்பரும் அதில் குறைகாண மாட்டார். ஆயினும் அத்தொடரின் சட்டம் தமிழன்று. ‘பஸ்’, ‘பேனா’ என்பனவற்றைச் சிவப்பு மையால் சுழிக்கும் கை, இத்தகைய ‘அவரது’ என்பதைக் கண்டும் காணாது கடந்துவிடுகின்றது. கடன்சொல் ஒன்று புகுந்தால் ஒரு சொல்லே கூடும். ‘தன்’ நீங்கினால் ஒரு பொருட்பாகுபாடே நீங்கும்.

ஆறாம் வேற்றுமையை ‘அது, உடைய’ என்னும் பட்டியலாக மட்டும் கற்பிக்கும் முறை இதற்குத் துணைபோகின்றது. உருபுகளை ஒப்பிக்கத் தெரிந்த மாணவன், ‘அவள் தன் தாயை அழைத்தாள்’ என்பதற்கும் ‘அவள் அவளது தாயை அழைத்தாள்’ என்பதற்கும் வேறுபாடு கூற இயலாது விழிப்பதுண்டு. இவ்விரு தொடரையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, அழைக்கப்பட்டவள் யாருடைய தாய் என்று வினவினாலே போதும். இலத்தீனின் மக்கள் இழந்த ஒன்று தம் மொழியில் இன்னும் உயிரோடு இருப்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.