சத்தம் அடக்கிய கைத்துப்பாக்கி: பயனும் பழியும்

தமிழ் சினிமாவில் அடியாள் ஒருவன் கோட்டுப் பைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, அதன் முனையில் கறுப்புக் குழாய் ஒன்றைத் திருகி மாட்டுவான். மெல்லிய ஓசை ஒன்று எழும். அடுத்த அறையில் தூங்குபவர் புரண்டுகூடப் படுக்கமாட்டார். உண்மை அப்படி இல்லை. சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கி சுடும்போது எழும் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 30 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். மீதமிருப்பதே பக்கத்தில் நிற்பவரைத் திடுக்கிட வைக்கப் போதும். குழல் முனையில் பீறிடும் வாயு, ஒலியின் வேகத்தைத் தாண்டும் குண்டு காற்றைக் கிழிக்கும் ஒலி, துப்பாக்கியின் உறுப்புகள் மோதிக்கொள்ளும் ஒலி என்று சத்தம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. சைலன்சர் கட்டுப்படுத்துவது முதலாவதை மட்டும். மற்ற இரண்டையும் அடக்க வேண்டுமானால் குண்டின் வேகத்தையும் சுடும் விரைவையும் விட்டுக்கொடுக்க வேண்டும். சிறப்புப் படைகள் கையில் எண்பது ஆண்டுகளாக இருந்துவரும் இந்த ஆயுதத்தின் கதை முழுவதும் இந்தப் பேரத்தின் கதைதான். வேலை குறுகலாக இருந்தவரை இது பயன்பட்டது. எல்லா வேலைக்கும் ஏற்றதாக ஆக்க முயன்றபோது பிசகியது. நம் நாட்டுக் காவல்துறையும் அதிரடிப்படைகளும் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி நாடுகளுக்குள் ரகசியமாக ஆள் அனுப்புவதற்கென்று பிரிட்டன் ஓர் அமைப்பை வைத்திருந்தது. வெல்வின் ஊருக்கு அருகிலிருந்த அதன் ஆய்வுக்கூடத்தில் மேஜர் ஹியூ ரீவ்ஸ் வடிவமைத்ததுதான் வெல்ராட். பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது, சைக்கிள் பம்பு போல இருக்கும். தோட்டாக் கூடுதான் கைப்பிடி. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் குழாய். செய்த நிறுவனத்தின் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பின்புறக் குமிழைத் திருகி இழுத்து அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்ற வேண்டும். தானாக ஏறும் பொறியின் ஒலிகூட எழக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. குழலுக்குள் இருந்த ரப்பர் வில்லைகளைத் துளைத்துக்கொண்டுதான் குண்டு வெளியே வரும். அதனால் சில முறை சுட்டதுமே அவை தேய்ந்துபோகும். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் சீல் படையினர் எடுத்துச்சென்ற மார்க் 22ம் இதே வழியில் வந்ததுதான். எதிரி முகாம்களின் காவல் நாய்களை ஓசையின்றிச் சுடுவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. 'ஹஷ் பப்பி' என்ற செல்லப்பெயரும் அப்படி வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் 39ஆம் மாடலில் மேல்சட்டம் அசையாமல் இருக்க ஒரு பூட்டு வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கனமான, ஒலியின் வேகத்தை எட்டாத தோட்டாவைத் தனியாகத் தயாரித்தார்கள். சைலன்சரின் உள்ளடக்கத்தைச் சுமார் 30 குண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. இருட்டில் ஒரு காவலாளி, ஒரு நாய், ஒரு விளக்கு என்று இலக்கு அவ்வளவு சிறிதாக இருக்கும்போது இந்த விலை பொருத்தமானதே.

சோவியத் பொறியாளர்கள் அந்தக் குறுகலை இன்னும் தீவிரமாக ஏற்றுக்கொண்டார்கள். 1983இல் வந்த பிஎஸ்எஸ் கைத்துப்பாக்கிக்குச் சைலன்சரே கிடையாது. தோட்டாவுக்குள் இருக்கும் ஒரு சிறு உந்துதண்டு குண்டைத் தள்ளிவிட்டு, வாயுவை உறைக்குள்ளேயே அடைத்துவிடும். ஆறே குண்டுகள், குறைந்த தூரம். ஆனால் சொன்ன வேலையைச் செய்தது. எதிர்த்திசையில் போனது அமெரிக்காவின் மார்க் 23. சத்தமும் அடங்க வேண்டும், லேசர் குறிகாட்டியும் பொருத்த வேண்டும், கடல்நீரிலும் சேற்றிலும் பழுதாகக் கூடாது, முன்னணி ஆயுதமாகவும் இருக்க வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் சிறப்புப் படைத் தலைமை ஒரு நீண்ட பட்டியல் போட்டது. ஹெக்லர் அண்ட் கோஹ் அத்தனையையும் நிறைவேற்றி 1996இல் கொடுத்தது. தோட்டா இல்லாமலே சுமார் 1.2 கிலோ; சைலன்சரை மாட்டினால் நீளம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வீரர்களில் பலர் இடுப்பில் சிறிய சிக் சாவர் பி226ஐயே வைத்துக்கொண்டார்கள். எல்லாம் செய்யக்கூடிய கைத்துப்பாக்கி பல சமயம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

சத்தம் அடக்கும் இந்த முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனின் ஸ்டெர்லிங் கார்பைனைக் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதன் சத்தம் அடக்கிய வகையான 2ஏ1ஐயும் அங்கேயே செய்தார்கள். மூலமான பிரிட்டிஷ் துப்பாக்கியின் குழலில் 72 துளைகள் உண்டு. வாயுவின் ஒரு பங்கை அவை வெளியேற்றிவிடுவதால் சாதாரணத் தோட்டாவும் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். பிணைக்கைதிகளை மீட்கப் போகும் வீரனுக்கு இதன் பலன் நிஜமானது. மூடிய அறைக்குள் அவன் காது அடைக்காது, கூட்டாளியின் குரல் கேட்கும், குழல் முனையின் பளிச்சொளி கண்ணைக் கட்டாது, எங்கிருந்து சுட்டான் என்பதும் எதிரிக்கு உடனே புரியாது. இந்தப் பலனை நான் மறுக்கவில்லை. இது உயிரைக் காக்கும் பலன். அதே நேரத்தில், 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் விதிகள் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியைக் கடும் கட்டுப்பாடுள்ள முதல் வகையில் வைத்திருப்பதும் சரியானதே.

வாதம் கடினமாவது, கருவி போர்க்களத்தைவிட்டு ஊருக்குள் வரும்போதுதான். திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கானோர் மாடவீதிகளிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அங்கே பயங்கரவாதி ஒருவனைச் சுட நேர்ந்தால், வெடிச்சத்தமே நெரிசலைக் கிளப்பிவிடாதா, சத்தம் அடக்கிய ஆயுதம்தானே பாதுகாப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 130 டெசிபல் சத்தம் பத்தடிக்குள் நிற்பவர் யாருக்கும் கேட்காமல் போகாது. ஒருவன் சரிந்து விழுவதைச் சுற்றியிருப்பவர்கள் கண்ணாலும் பார்ப்பார்கள். நெரிசலைத் தடுப்பது பாதை அமைப்பும் ஆட்களை எண்ணி அனுப்புவதும்தான். சைலன்சர் அந்த வேலையைச் செய்யாது. கத்திக்கும் சத்தமில்லை, கத்தியை யாரும் சந்தேகிப்பதில்லையே என்பது இன்னொரு மறுப்பு. அரசு ஒருவர் கையில் கொடுக்கும் ஆயுதத்துக்குக் கணக்கு உண்டு, கேள்வி உண்டு, விசாரணை உண்டு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அந்த விசாரணையைச் சைலன்சர் நேரடியாகத் தொடுகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைத் தடயவியல் வல்லுநர்கள் காயத்தைச் சுற்றிப் படியும் கரியையும் வெடிமருந்துத் துகளையும் வைத்தே பெரிதும் மதிப்பிடுகிறார்கள். சைலன்சர் அவற்றில் ஒரு பகுதியைத் தனக்குள்ளேயே தடுத்துவிடுவதால் அந்த மதிப்பீடு குழம்பும். என்கவுன்டர் வழக்குகளில் தூரம் என்பது சின்ன விவரம் அல்ல, பெரும்பாலும் அதுதான் வழக்கே. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்து அருகிலிருந்து சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அந்தச் சம்பவத்துக்கும் சைலன்சருக்கும் தொடர்பில்லை. ஆனால் காட்டுக்குள் வேறு சாட்சி இல்லாதபோது உடலில் உள்ள காயமே சாட்சி என்பதைத் திருவண்ணாமலை மாவட்டம் அறியும். என்கவுன்டர் மரணங்களில் முதல் தகவல் அறிக்கை, சுயேச்சையான விசாரணை, சுட்டவர்கள் தங்கள் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைப்பது ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது 2014 செப்டம்பரில். சேஷாசலம் நடந்தபோது அந்தத் தீர்ப்புக்கு ஏழு மாதம்கூட நிறையவில்லை.

எனவே ராணுவத்தின் சிறப்புப் படைகளும் பிணைக்கைதிகளை மீட்கும் பிரிவுகளும் இதை வைத்திருக்கட்டும். மாநிலக் காவல்துறையின் வனப் பிரிவுகளுக்கும் ரோந்துப் பிரிவுகளுக்கும் இது வேண்டாம். எந்தப் பிரிவுக்குக் கொடுத்தாலும் ஒவ்வொரு சைலன்சருக்கும் எண் இருக்க வேண்டும். யார், எந்த நாளில், எந்த நடவடிக்கைக்காக எடுத்தார் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். சுட்டு ஒருவர் இறந்தால் துப்பாக்கியோடு சைலன்சரும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். தமிழக அரசு இதற்குத் தனிச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. உள்துறையின் ஓர் அரசாணை போதும்.