சின்ன சாமுராய்க்குப் பெரிய எஞ்சின்

1986 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சுசூகி சாமுராய் என்ற குட்டி ஃபோர் வீல் டிரைவ் ஜீப், எடையில் ஒரு டன்கூட இல்லை. பாறையில் பல்லியாய் ஏறும். ஆனால் பெரிய டயர் மாட்டிவிட்டால், 1.3 லிட்டர் எஞ்சினின் சுமார் 63 குதிரைத்திறன் நெடுஞ்சாலை மேட்டில் திணறும்.

அதனால் பலர் நாடுவது சுசூகி சைட்கிக்கின் 1.6 லிட்டர் எஞ்சினை. சாமுராய் எஞ்சினின் அதே ஜி குடும்பம். 16 வால்வு வகை 95 குதிரைத்திறன்.

துணிந்தவர்கள் ஃபோக்ஸ்வாகன் டீசலையே இறக்குகிறார்கள். கைத்திறன் அங்கேதான் தெரியும்! எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் இணைப்புத் தகடு மயிரிழையும் மையம் பிசகக் கூடாது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்களைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். சாமுராயில், முன்-பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸோடு ஒட்டாமல் ஒரு குட்டி ஷாஃப்டுக்கு அப்பால் தனியாக நிற்பது பெரிய வரம். முன்னால் எதை மாற்றினாலும் அதை அப்படியே விட்டுவிடலாம். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டீசல், ஆக்சிலரேட்டரை அழுத்தாமலே வண்டியைக் கல்மேல் நிதானமாக ஏற்றிவிடும்.