இந்தோனேசியத் தொடக்கநிலை மதரசாக்களில் மாணவர் ஆர்வமும் பாடத்திட்டமும்

இந்தோனேசியாவின் இசுலாமியத் தொடக்கப் பள்ளி மதரசா இப்திதாயியா எனப்படும். ஆறு ஆண்டுப் படிப்பு. இவற்றைக் கல்வி அமைச்சு அன்றி, சமய விவகார அமைச்சே மேற்பார்வை செய்கிறது. பெரும்பாலானவை தனியார் நடத்துபவை.

1975 இல் மூன்று அமைச்சர்கள் கூட்டாக வெளியிட்ட ஆணை, மதரசாவில் பொதுப்பாடம் 70 விழுக்காடு, சமயப்பாடம் 30 விழுக்காடு என வகுத்தது. மதரசாச் சான்றிதழ் பொதுப்பள்ளிச் சான்றிதழுக்கு நிகரானது. மாணவர் பொதுப்பள்ளிக்கு மாறவும் முடிந்தது. பயன் பெரிதே. எனினும் அவ்விகிதம் சான்றிதழைக் கருதி வகுக்கப்பட்டது, குழந்தையைக் கருதி அன்று. குர்ஆன்-ஹதீஸ், அகீதா-அக்லாக், பிக்ஹு, இசுலாமியப் பண்பாட்டு வரலாறு, அரபு ஆகியவை பொதுப்பாடங்களின் மேல் ஏறின. ஒரு பாடத்தில் பின்தங்கிய மாணவருக்காக நின்று கற்பிக்க ஆசிரியருக்கு நேரம் எங்கே?

2022 முதல் மதரசாக்களுக்கும் வந்த 'குரிகுலும் மெர்டேகா' (சுதந்திரப் பாடத்திட்டம்), மாணவரின் நிலையை முதலில் கணித்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்கிறது. இது புதிய கண்டுபிடிப்பாகப் பேசப்படுவது சற்று வியப்புக்குரியது. யோக்யகர்த்தாவின் அஸ்அத் ஹுமாம் உருவாக்கிய 'இக்ரோ' முறை நெடுங்காலமாக இதையே செய்துவருகிறது. குர்ஆன் எழுத்துகளைப் படிக்கக் கற்பிக்கும் ஆறு சிறு நூல்கள் அவை. குழந்தை ஆசிரியர் முன் தனியே படித்துக்காட்டும். பக்கம் தேறினால்தான் அடுத்த பக்கம். ஒரே வயதினரில் ஒருவர் இரண்டாம் நூலிலும் மற்றவர் ஐந்தாம் நூலிலும் இருப்பது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. அதே குழந்தைகள் காலையில் கணித வகுப்பில் அமர்ந்தால், எல்லோருக்கும் ஒரே பக்கம்.

இக்ரோவுக்கும் ஓர் எல்லை உண்டு. அது அடைவை அளக்கிறது, ஆர்வத்தைத் தொடுவதில்லை. பொருள் அறியாமலே சரளமாக ஓதும் குழந்தை, அரபு மொழிப் பாடத்தில் தடுமாறுவது இதனால்தான்.

ஆர்வத்துக்கு மதரசாக்கள் தரும் இடம் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே உள்ளது: சாரணர் பயிற்சி, ஹத்ரா எனும் பறை இசை, அரபு எழுத்தணி. ஹத்ராவில் தாளக் கணக்கைப் பிசகாமல் பிடிக்கும் மாணவர் பின்னக் கணக்கில் தோற்கிறார் என்றால், அத்தாளத்திலிருந்தே பின்னத்தைத் தொடங்கலாம். ஐந்தாம் வகுப்பில் நடத்தப்படும் மதரசாத் திறன் மதிப்பீடு வாசிப்பையும் கணக்கையும் அறிவியலையும் சமூகப் பண்பாட்டு அறிவையும் அளக்கிறது. ஹத்ரா அதில் எங்கும் வருவதில்லை.