பின்னட்டை வாசகம்

சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் உண்டு. பிரசுரகர்த்தர் கிடைக்காதவன் போட்டுக்கொண்டது என்பது ஒன்று. நம்மவன், பாவம், கைக்காசைப் போட்டிருக்கிறான் என்பது மற்றொன்று. இரண்டிலும் புத்தகத்தைப் படிக்கவேண்டிய அவசியம் இல்லை.

நான் இதற்கு விலக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் தபாலில் வந்த ஒரு கவிதைத் தொகுப்பு அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது. 64 பக்கம். 50 பிரதிகள். பின்னட்டையில் என் பெயருடன் இரண்டு வரிப் பாராட்டு. கைப்பிரதியைப் பார்த்துவிட்டு நான் கைபேசியில் அனுப்பிய வரிகள்தான் அவை. பொய்யில்லை. ஆனால் அதே வாரம் டீக்கடையில் நண்பர்களிடம் நான் சொன்னது வேறு: 48 கவிதைகளில் 11 தேறும், மற்றவற்றை அவர் எழுதவில்லை, நாமெல்லாம் சேர்ந்து எழுதிக்கொடுத்திருக்கிறோம். இது அவர் காதுக்குப் போகவில்லை.

விட்மன் விஷயத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1855 ஜூலையில் புரூக்ளினில், தெரிந்தவர்களின் அச்சகத்தில், சில பக்கங்களுக்குத் தானே அச்சுக் கோத்து, சொந்தப் பொறுப்பில் 'புல்லின் இதழ்க'ளைக் கொண்டுவந்தார் அவர். சுமார் 800 பிரதிகள். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒருவனின் படம் மட்டும் இருந்தது. எமர்சனுக்கு ஒரு பிரதி போயிற்று. ஜூலை 21 தேதியிட்டு அவர் எழுதிய வாழ்த்துக் கடிதத்தை, அவரைக் கேட்காமலே அக்டோபரில் பத்திரிகையில் வெளியிடக் கொடுத்தார் விட்மன். அடுத்த வருஷப் பதிப்பில் அதிலிருந்து ஒரு வாக்கியம் புத்தகத்தின் முதுகில் பொன்னெழுத்தாக ஏறிற்று. போதாதென்று தன் புத்தகத்துக்குத் தானே பெயரில்லாமல் மூன்று மதிப்புரைகளும் எழுதிக்கொண்டார். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. மௌனத்துக்குப் பயந்தவன் செய்கிற காரியம். (நம்மில் புனைபெயரில் இதைச் செய்யாதவர்கள் கை தூக்கலாம்.)

என்னை உறுத்துவது இன்னொரு கடிதம். 1856 மேயில் எமர்சன் கார்லைலுக்கு எழுதுகிறார். இன்னதென்று சொல்லமுடியாத ஒரு ராட்சசப் பிறவி இது, பலம் இருக்கிறது. ஒரு கிடங்குச் சாமான்களின் ஏலப் பட்டியலாகவே தோன்றினால் உங்கள் குழாயைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் போகிறது அது. அங்கேதான் எமர்சன் விமர்சகராக இருக்கிறார். பட்டியல்தான் விட்மனின் பலம், பட்டியல்தான் அவர் நோய். ஆனால் இது போன இடம் லண்டன். விட்மனுக்குப் போனது வாழ்த்து.

நார்ட்டன் என்பவர் 1855 செப்டம்பரில் 'புட்னம்ஸ்' பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு குறிப்பு எழுதினார். உயர்ந்ததும் தெருத்தனமானதும் இதில் பிரிக்கமுடியாமல் கலந்துகிடக்கின்றன என்பது அதன் சாரம். இன்று அதை யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் புத்தகத்தைப் பற்றி நேர்மையாகப் பேசியது எமர்சனின் வாழ்த்தைவிட அந்தக் குறிப்புதான் என்பேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். சுயபிரசுரம் என்றாலே மட்டம் என்பவர்களுக்கு, பாரதி 1908ல் 'ஸ்வதேச கீதங்க'ளைத் தாமே வெளியிட்டார் என்பதை நினைவூட்டினால் போதும். சி.சு. செல்லப்பாவின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிகிறதில்லை. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தவர். எண்பது வயது தாண்டி, 1997ல், 'சுதந்திர தாக'த்தை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறுவருஷம் இறந்தார். 2001ல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. அந்த நாவலைப் பற்றி என் காதில் விழுந்ததெல்லாம் அவர் வயதும் பிடிவாதமும் தியாகமும்தான். நானும் மரியாதைக்கு வாங்கி, மரியாதையாக அலமாரியில் வைத்தேன். பல வருஷங்கள் கழித்துப் படித்தபோது, விவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுமுட்டும் பக்கங்களும், வேறு யாரும் எழுதியிருக்க முடியாத பக்கங்களும் அடுத்தடுத்து இருந்தன. எங்கே வெட்டலாம் என்று ஒருவர் அவரிடம் சண்டை போட்டிருக்கலாம். விமர்சனத்துக்காகவே 1959ல் 'எழுத்து' தொடங்கியவருக்கு, கடைசியில் என் போன்றவர்கள் கொடுத்தது கும்பிடு.

அன்று ஐந்நூறு, ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கவேண்டும். அந்தச் சுமையே ஒருவனை யோசிக்கவைத்தது. இன்று ஐம்பது போதும், தேவைப்பட்டால் இன்னொரு ஐம்பது. கஷ்டம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கைப்பிரதி யாருடைய தடையும் இல்லாமல் நேராகப் புத்தகமாகிவிடுகிறது. அதற்கு முதல் எதிர்க்குரல் மதிப்புரையாளனிடமிருந்துதான் வந்தாகவேண்டும். அவனோ பின்னட்டைக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த 11 கவிதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். புத்தகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதுவும் ஒரு சிபாரிசாகிவிடும். எழுதியவருக்கு லாரி எடைமேடையில் வேலை. காலி லாரி எடை, சரக்கோடு எடை, இரவு மூன்று மணிக்குச் சீட்டுக்காகக் கை நீட்டும் டிரைவர். இவற்றில் அவர் ஒரு வார்த்தையும் கடன் வாங்கவில்லை. உவமை கிடையாது. டிரைவரின் தூக்கத்தைக்கூட அவர் வர்ணிப்பதில்லை, சீட்டை இரண்டு தடவை கீழே போடுகிறான் என்பதோடு சரி. எடைமேடையை விட்டு இறங்கியதும் மழை வந்துவிடுகிறது, ஜன்னல் வந்துவிடுகிறது, தனிமை வந்துவிடுகிறது. இந்த ஜன்னல் 'எழுத்து' காலத்திலேயே திறந்து வைத்தது. மூட யாருமில்லை.

போன் செய்து இவ்வளவையும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "இதை அச்சுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. பிறகு, மழைக் கவிதைகளில் இரண்டை விடமுடியாது என்று வாதாடினார். ஒன்றில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது; 12 என்று திருத்திக்கொள்கிறேன். அடுத்த ஐம்பது பிரதி போடும்போது பின்னட்டையில் என் வரிகளை எடுத்துவிடச் சொன்னேன்.

"அந்த இடத்துல என்ன சார் போடறது?"

வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன்.