சிற்றீயின் சிறகு நரம்புகள்

துளசிப் பூங்கதிரின் அருகே அந்தரத்தில் அசையாது நின்று, மஞ்சளும் கருமையும் மாறிமாறி வரியிட்ட மேனியால் தேனீயோ குளவியோ என்று நம்மை மயங்கவைக்கும் ஒரு சிறு பிராணியை, புகைப்படத்திலே நிதானமாக நோக்கி, அது இன்ன குலத்தைச் சேர்ந்ததென்று அறிந்துகொள்வதில் விளையும் ஆனந்தம் அலாதியானது. குளவிக்கு நான்கு சிறகுகள், இதற்கோ இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய ஸ்தானத்தில், பறக்கையில் உடல் நிலைகுலையாமல் காக்கும் இரண்டு நுண்ணிய குமிழ்த்தண்டுகள் இருப்பதைக் கண்டதும், வேஷம் எதுவாயினும் இது ஈயே என்பது நிச்சயமாகிறது.

பொறுமையுள்ளவர் ஒரு படத்தோடு திருப்தி கொள்வதில்லை. முதுகு, பக்கம், முகம் என்று ஒவ்வொரு கோணத்தையும் பெரிதாக்கி, குட்டையான உணர்கொம்பில் நிற்கும் ஒற்றை மயிரையும், தெளிந்த சிறகின் நடுவே மற்ற நரம்புகளோடு கூடாமல் மங்கலாக ஓடும் பொய்நரம்பையும் தேடிக் காண்கிறார். அந்தப் பொய்நரம்பே இது மலர் ஈயின் குடும்பம் என்பதற்குச் சிறந்த சாட்சி. செம்பழுப்பு விழிகள் உச்சியில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் பெரும்பாலும் ஆண். இடைவெளி இருந்தால் பெண். படம் காட்டாத அம்சத்தை ஊகித்து இனப்பெயர் சூட்டாமல், கண்ட அளவிலே நின்றுவிடும் அந்த நேர்மைதான் இக்கலையின் உத்தம லட்சணம்.