அச்சோவியமும் கைவண்ணமும்

ஓர் ஓவியத்தை ஒருவரே உடைமையாகக் கொள்ளலாம். அச்சோவியத்தைப் பலர் கொள்ளலாம். ஆயினும் அப்பலரும் தத்தம் படியைத் தனிப்பொருளாகக் கருதவே விழைகின்றனர். இவ்விழைவை நிறைவிக்க வந்தனவே மட்டிட்ட பதிப்பும், ஓவியர் பென்சிலால் இடும் கையொப்பமும், '12/60' என்றாற்போன்ற எண்ணும். அறுபது படிகளுள் பன்னிரண்டாவது என்பது அதன் பொருள். கூரிய ஊசியாற் செப்புத்தகட்டை நேரே கீறி அச்சிடுங்கால், கீறலின் ஓரத்தே எழும் பிசிர் சில பத்துப் படிகளுக்குள் தேய்ந்துவிடும். ஆங்கு எண் குறைதல் இயல்பு. மின்முறையால் தகட்டின்மேல் இரும்புப் பூச்சு ஏற்றும் வழக்கம் வந்தபின், அக்குறைவு பெரும்பாலும் வணிகரின் ஏற்பாடாயிற்று.

கையொப்பத்தை மட்டும் நம்புதல் எத்துணைப் பேதைமை என்பதைச் சல்வதோர் டாலியின் வரலாறு காட்டும். 1974ஆம் ஆண்டிற் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் மறித்த வண்டியொன்றில், அவர் கையொப்பமிட்ட வெற்றுத்தாள்கள் 40,000 இருந்தன. ஓவியம் பிறக்குமுன்னரே கையொப்பம் பிறந்துவிட்டது!

இத்தகைய ஐயத்துக்கு மருந்துபோலவே 'கையால் நிறைவுற்றது' என்னும் அடைமொழி இன்று விற்பனையில் வழங்குகின்றது. அச்சேறிய தாளின்மீது ஓவியரின் தூரிகை படிந்தமையால் ஒவ்வொரு படியும் தனித்தன்மை உடையது என்பர். இக்கூற்றை ஆராய்வதற்கு நம் காலத்துப் பிரித்தானிய ஓவியர் ஹொவாட் ஹொட்ஜ்கின் (1932-2017) சாலப் பொருத்தமானவர். அவருடைய அச்சோவியங்கள் பலவற்றிற் கைவண்ணம் உண்டு; ஆனால் அக்கை அவருடையதன்று. எந்த வண்ணத்தை எவ்வாறு இடுவதென்று அவர் பணிப்பார். உதவியாளர் படிதோறும் அவ்வண்ணமே தீட்டுவர். கைவண்ணத்தை அவர் அச்சுமுறைகளுள் மற்றொன்றாகவே கொண்டார்.

இஃது ஏமாற்றாகுமோ? ஆகாது என்பதே என் துணிபு. 1995இல் வெளிவந்த அவருடைய வெனிசு நகர்க் காட்சிகள் காலை, பிற்பகல், மாலை, இரவு என நான்கு. காபொரண்டம் என்னும் கரடான தூளைத் தகட்டில் ஒட்டி அச்சிட்டமையால் மை தடித்து நிற்கின்றது; கையால் இட்ட வண்ணமோ அம்மையோடு மாறுபட்டுத் தனியே ஒளிர்கின்றது. இரண்டும் கூடியே ஓவியம் ஆகின்றது. 1789இல் வெளியான தம் பாடல் நூலின் படிகளை வில்லியம் பிளேக் செப்புத்தகட்டில் அச்சிட்டு வண்ணந்தீட்டியபோது அவர் மனைவி கதரினும் துணைநின்றார். அதனால் அவற்றை எவரும் இழித்துரைப்பதில்லை. நான் மறுப்பது 'தனித்தன்மை' என்னும் விளம்பரச் சொல்லையே. ஒரேவகையாய் அமையவேண்டுமென்று தீட்டிய படிகளுக்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், சேகரிப்போன் தாளைச் சாய்வான ஒளியிற் பிடித்து நோக்குக. எது மை, எது வண்ணம் என்பது புலனாகும். தீட்டியவர் யாவரென வினவுக. அவ்வண்ணத்தை நீக்கினால் ஓவியம் குறைபடுமோ என்றும் எண்ணுக. ஹொட்ஜ்கினின் படிகளில் அது குறைபடும். ஒளிப்படமெடுத்து இயந்திரத்தில் அச்சிட்ட நகலின் மூலையிற் பொன்வண்ணப் பொட்டொன்றை வைத்துப் பன்மடங்கு விலை கூறுவோரும் உளர்; அப்பொட்டை அழித்தாலும் அந்நகலுக்கு ஒரு குறையும் நேராது.